இருதயத்திற்கு ஒரு நீதி, மூளைக்கு ஒரு நீதியா?

சாரத்தின் மீது நின்று செங்கல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் ஒரு சித்தாள் என்று வைத்துக்கொள்வோம். நின்ற நிலையில் மண்டையில் இடி விழுந்ததுபோல் ஒரு வலி. வாழ்நாளில் அவள் அறியாத வலி. ஒரு நிமிஷத்திற்குள் உச்சத்திற்குப் போய்விடுகிறது. வாந்தி வருகிறது, கழுத்து விறைத்துக்கொள்கிறது. வெயில் என்கிறார் மேஸ்திரி. பித்தம் என்று சொல்லி ஒரு மாத்திரையைக் கொடுக்கிறார் மருந்துக் கடைக்காரர். சாயங்காலம் வரை நிழலில் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்று அவளும் நினைக்கிறாள். அரை நாள் கூலி போனது ஒன்றுதான் அவள் கவலை.

உள்ளே நடந்திருப்பது வேறு. மூளையின் அடிப்பகுதியில் இரத்தக் குழாய் கிளை பிரியும் இடத்தில் இருந்த ஒரு புடைப்பு வெடித்து, மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்துவிட்டது. அனியூரிசம் என்று டாக்டர்கள் சொல்வது இந்தப் புடைப்பைத்தான். சைக்கிள் டியூபில் ரப்பர் தேய்ந்த இடம் காற்றின் அழுத்தம் தாங்காமல் கொப்புளம்போல் உப்புவதைத் தொழிலாளி ஒவ்வொருவரும் பார்த்திருப்பார். அதுதான் இது. அப்படி வெடித்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் பலர் பழைய வேலைக்குத் திரும்புவதில்லை. ஒரு முறை கசிந்தது மறுபடியும் கசியக்கூடும். அந்த ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.

இது பணக்காரர்களின் வியாதி என்று எண்ணிவிட வேண்டாம். உயர்ந்த இரத்த அழுத்தமும் புகைப் பழக்கமும் இதை வளர்க்கும் இரண்டு பெரிய காரணங்கள். இரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் உழைத்துக்கொண்டிருப்பவர்கள் யார்? பீடியைப் புகைத்துப் பசியை மறப்பவர்கள் யார்? ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்வோம்.

இதற்கு வைத்தியம் உண்டா? உண்டு. அதிலும் கடந்த அறுபது ஆண்டுகளில் விஞ்ஞானம் செய்திருப்பது அற்புதம் என்றே சொல்ல வேண்டும். அந்த அற்புதம் யாருடைய உழைப்பால் வந்தது, இன்று யாருடைய கைப்பிடியில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

முன்பெல்லாம் ஒரே வழிதான். மண்டை ஓட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் ஒரு சிறு உலோகக் கவ்வியை மாட்டி, இரத்தம் அதற்குள் போகாமல் அடைப்பது. 1937இல் அமெரிக்காவில் வால்ட்டர் டாண்டி என்ற டாக்டர் இதை முதன்முதலில் செய்தார். இன்றும் இது நல்ல வைத்தியம்தான். சில இடங்களில் உள்ள புடைப்புக்கு இதுவே சிறந்த வழி. ஆனால் மூளையின் ஆழத்தில், கத்தி எளிதில் எட்டாத இடத்தில் உள்ள புடைப்பை என்ன செய்வது?

அதற்கு வழி காட்டியவர் மாஸ்கோவில் புர்தென்கோ நரம்பு அறுவை நிலையத்தில் பணியாற்றிய ஃபியதோர் செர்பினென்கோ. 1959ஆம் ஆண்டு மே தின விழாவில் செஞ்சதுக்கத்தில் குழந்தைகள் நூலைப் பிடித்துக்கொண்டு பலூன்களை இங்கும் அங்கும் நகர்த்துவதைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். நூலின் முனையில் பலூன் ஆடுவதுபோல், மெல்லிய குழாயின் முனையில் ஒரு மிகச் சிறிய பலூனை வைத்து இரத்தக் குழாய்க்குள் அனுப்பினால் என்ன? வேண்டிய இடத்தில் ஊதி, அங்கேயே விட்டுவிட்டு வந்தால் என்ன? 1960களில் தொடங்கிய அந்த வேலையை, முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் அனுபவத்தோடு 1974இல் அமெரிக்காவின் நரம்பு அறுவை சஞ்சிகையிலேயே அவர் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. மண்டையைத் திறக்காமல் மூளைக்குள் போகும் பாதை அங்கேதான் திறந்தது. சோவியத் யூனியன் இன்று இல்லை; 1991இல் அது கலைந்துவிட்டது. ஆனால் அந்த அரசாங்க நிலையத்தில் பிறந்த யோசனை இன்று உலகின் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பலூனுக்குப் பிறகு சுருள் வந்தது. இத்தாலிய டாக்டர் கைடோ குக்லியெல்மி, பிளாட்டினத்தால் ஆன மெல்லிய சுருளைப் புடைப்புக்குள் செலுத்தி, சிறு மின்சாரத்தால் அதைக் கம்பியிலிருந்து கழற்றிவிடும் முறையைக் கண்டுபிடித்தார். 1990இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா சர்வகலாசாலையில் முதல் நோயாளிக்கு அது செய்யப்பட்டது. அதுவும் பொதுச் சொத்தான சர்வகலாசாலை என்பதைக் கவனியுங்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள இரத்தக் குழாய் வழியாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குறுக்களவுள்ள குழாயை எக்ஸ்-ரே பார்த்தபடியே மூளைவரை கொண்டுபோகிறார்கள். புடைப்புக்குள் சுருளைச் சுற்றிச் சுற்றி நிரப்புகிறார்கள். உள்ளே இரத்தம் உறைந்து புடைப்பு அடைபட்டுவிடுகிறது.

கத்தியா, சுருளா? இந்தக் கேள்விக்கு விடை கண்டதும் கம்பெனிகளின் விளம்பரம் அல்ல. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பொதுப் பணத்தை முக்கிய ஆதாரமாகக் கொண்டு, புடைப்பு வெடித்த 2,143 பேரிடம் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. 2002இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து, மண்டையைத் திறந்தவர்களில் 100க்கு 30.6 பேர், சுருள் வைத்தவர்களில் 23.7 பேர். இரு வழிக்கும் ஏற்ற நோயாளிகளிடையே கண்ட கணக்கு இது. அந்த 7 பேரின் வித்தியாசம்தான் ஏழெட்டுக் குடும்பங்களில் விளக்கு எரிவதற்கும் அணைவதற்கும் உள்ள வித்தியாசம்.

இனி ஸ்டென்ட்டுக்கு வருவோம். சில புடைப்புகளின் வாய் குறுகலாக இருக்கும். செம்பில் நெல்லை நிரப்புவதுபோல் சுருளை நிரப்பலாம். சிலவற்றின் வாயோ அகன்று, அண்டாபோல் இருக்கும். அதில் வைக்கும் சுருள் சரிந்து பிரதானக் குழாய்க்குள் விழுந்தால் அங்கே இரத்த ஓட்டமே நின்றுவிடும், பக்கவாதம்தான். ஆகவே அகன்ற வாய்க்குக் குறுக்கே ஒரு தட்டியைக் கட்டுகிறார்கள். மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள வலைக் குழாய் அது. சுருங்கிய நிலையில் உள்ளே போய், உரிய இடத்தில் தானே விரிந்து நிற்கும். தட்டிக்குப் பின்னால் சுருளை நெருக்கி அடைத்துவிட்டால் வெளியே வராது. இரத்தமும் தன் வழியே ஓடும். நாளடைவில் தட்டியின் மேலேயே குழாயின் உட்சுவர் படர்ந்து வளரும். மூளைக்கென்றே செய்யப்பட்ட இத்தகைய முதல் ஸ்டென்ட்டுக்கு அமெரிக்க சர்க்கார் 2002இல் அனுமதி வழங்கியது. இன்னும் நெருக்கமான பின்னல் கொண்ட வேறொரு வகையும் உண்டு. அதற்குச் சுருள்கூடத் தேவையில்லாமல் போகலாம். இரத்தத்தையே புடைப்புக்குள் போகாமல் திசை திருப்பிவிடும். அதற்கு 2011இல் அனுமதி கிடைத்தது.

சுருங்கிய வலை தானே விரிவது எப்படி? நிட்டினால் என்ற உலோகக் கலவையின் குணம் அது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த இந்த உலோகம் எவ்வளவு வளைத்தாலும் தன் பழைய வடிவத்தை மறப்பதில்லை. 1950களின் இறுதியில் இதன் குணத்தைக் கண்டவர்கள் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தவர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் பெயர்ச் சுருக்கமே! ஆயுதத்திற்காக ஒதுக்கிய வரிப் பணத்தில் பிறந்தது உயிர் காக்கும் வலையாக மாறியது என்றால், அதைக் கேட்டு நாமும் சந்தோஷப்படுவோம்.

ஆனால் சந்தோஷம் அத்துடன் நின்றுவிடுகிறது. மாஸ்கோவின் அரசாங்க நிலையம், கலிஃபோர்னியாவின் சர்வகலாசாலை, கடற்படையின் ஆராய்ச்சிக் கூடம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி நிதி... இத்தனையும் பொதுமக்களின் சொத்து. இவற்றின் மேல் கட்டிய பண்டம் மட்டும் ஒரு சில பன்னாட்டுக் கம்பெனிகளின் தனிச் சொத்து! நுண்மையாகப் பின்னி, சோதித்து, விற்பனைக்குக் கொண்டுவந்ததில் அவர்களுடைய இன்ஜினீயர்களின் உழைப்பும் இருக்கிறது. அதை மறுக்க நாம் வரவில்லை. அதற்கு ஒரு நியாயமான விலை கேட்கட்டும். நியாயம் எது என்று யார் தீர்மானிப்பது? அங்கேதான் சண்டை.

இந்தச் சண்டையில் இந்திய மக்கள் ஒரு முறை ஜெயித்திருக்கிறார்கள். இருதய ஸ்டென்ட்டைப் பற்றித்தான் சொல்கிறோம். மருந்து பூசிய இருதய ஸ்டென்ட்டின் சராசரி விலை 2017க்கு முன் சுமார் ரூ. 1,21,000. மத்திய சர்க்காரின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தது. கம்பெனி, விநியோகஸ்தர், ஆஸ்பத்திரி என்று கை மாறக் கை மாற விலை ஏறிய கதை அம்பலமானது. சில ஆஸ்பத்திரிகள் வாங்கிய விலைக்கு மேல் 654 சதவீதம்வரை வைத்து விற்றிருந்தன! ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பவன் பேரம் பேசுவானா? மார்க்கெட் என்ற சொல்லுக்கு அங்கே ஏதாவது அர்த்தம் உண்டா? 2017 பிப்ரவரி 13ஆம் தேதி உத்தரவு வந்தது. மருந்து பூசியது ரூ. 29,600, பூசாதது ரூ. 7,260. அதற்கு மேல் யாரும் விற்கக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் உச்ச விலை வந்தது.

உடனே பூச்சாண்டி காட்டினார்கள். இரண்டு பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் உயர் ரக ஸ்டென்ட்டுகளை இந்தியாவிலிருந்து வாபஸ் பெற அனுமதி கேட்டன. அதோடு விடவில்லை. மருத்துவக் கருவி முதலாளிகளின் சங்கம் வாஷிங்டனில் புகார் செய்தது. இந்தியச் சரக்குகளுக்கு அளித்துவந்த சுங்கச் சலுகையை 2018இல் மறுபரிசீலனைக்கு எடுத்தார்கள். 2019 ஜூனில் ரத்தே செய்தார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் இந்த விலைக் கட்டுப்பாடும் ஒன்று. ஏழை இந்தியனின் இருதயத்தில் வைக்கும் வலைக்கு விலை வரம்பு கட்டியது எத்தனை பெரிய குற்றம் பார்த்தீர்களா! இவ்வளவும் நடந்து என்ன ஆயிற்று? இந்தியாவில் இருதய ஸ்டென்ட் கிடைக்காமல் போய்விட்டதா? இல்லை. உச்ச விலை இன்றும் நீடிக்கிறது. ஆஸ்பத்திரிகளில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இருதயத்திற்கு உண்டு. முழங்காலுக்கும் உண்டு. மூளைக்கு மட்டும் இல்லை!

மூளை ஸ்டென்ட்டுக்கும் பிளாட்டினச் சுருளுக்கும் இந்த மாதிரி உச்ச விலை கிடையாது. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்தன. அதனால் அச்சிட்ட விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்திற்கு மேல் உயர்த்தக் கூடாது என்கிற விதி பொருந்தும். முதலில் போட்ட விலை நியாயமா என்று கேட்க ஆள் இல்லை. ஆண்டுக்கு 10 சதவீதம் ஏற்றிக்கொள்ள அனுமதி மட்டும் உண்டு! இது கட்டுப்பாடா, காவலோடு நடக்கும் கொள்ளையா? இறக்குமதியாகும் திசை திருப்பும் ஸ்டென்ட் ஒன்றின் விலை 7 முதல் 8 லட்சம் ரூபாய் என்று மத்திய சர்க்காரே 2021இல் சொல்லியிருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்பதுதான் அரசாங்கக் காப்பீட்டுத் திட்டங்கள் மார்தட்டிச் சொல்லும் தொகை. ஒரு வலைத் துண்டே குடும்பத்தின் முழு ஆண்டு வரம்பையும் தாண்டிவிடுகிறது. மயக்க மருந்து, படுக்கை, தீவிர சிகிச்சை எல்லாம் எந்தக் கணக்கில்?

"இருதய ஸ்டென்ட் லட்சக்கணக்கில் போகிறது, மூளை ஸ்டென்ட் கொஞ்சம்தானே, இதற்கெல்லாம் விலை நிர்ணயம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இந்த வாதத்தைத் திருப்பிப் பார்ப்போம். விற்பவர்கள் சிலரே, வாங்குகிறவனுக்கு வேறு வழியே இல்லை என்கிற இடத்தில்தானே விலைக் கட்டுப்பாடு மிகவும் அவசியம்? எண்ணிக்கை குறைவு என்பதால் அந்தச் சித்தாளின் மூளை மலிவாகிவிடுமா?

நம் நாட்டில் இதைச் செய்யும் திறமை இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் இருக்கிறது, மத்திய சர்க்காருடையது. இருதய வால்வு முழுவதும் இறக்குமதியாகிக்கொண்டிருந்த காலத்தில், அதைச் சொந்தமாகச் செய்து 1990இல் நோயாளிக்குப் பொருத்திக் காட்டியது. அதே நிலையத்தின் விஞ்ஞானிகள் பெங்களூர் தேசிய விமானவியல் ஆராய்ச்சிக் கூடத்துடன் சேர்ந்து, நிட்டினால் உலோகத்தால் மூளை இரத்தக் குழாய்க்கான திசை திருப்பும் ஸ்டென்ட்டை வடிவமைத்திருக்கிறார்கள். விமானத்துக்காக உலோகம் ஆராய்கிறவர்களும் வைத்தியர்களும் ஒன்றுகூடி உழைத்திருக்கிறார்கள். இந்தச் செய்தி வெளிவந்தபோது நாம் பெருமைப்பட்டோம்.

அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியும் வந்தது. 2021இல் இந்தத் தொழில்நுட்பத்தைப் புனேயைச் சேர்ந்த ஒரு தனியார் கம்பெனிக்குக் கைமாற்ற ஒப்பந்தம் ஆயிற்று. விலை வெகுவாகக் குறையும் என்று சர்க்கார் சொன்னது. குறையட்டும். ஆனால் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதினார்களா? பொதுப் பணத்தில் கண்டுபிடித்ததைக் கையில் கொடுக்கும்போதே, இன்ன விலைக்கு மேல் விற்கக் கூடாது, சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதில் என்ன கஷ்டம்? நிபந்தனை போட்டிருந்தால் அதை மக்களுக்குத் தெரிவிக்கட்டும். போடவில்லை என்றால் உச்ச விலைப் பட்டியலில் சேர்த்து அந்தக் குறையைச் சரிசெய்யட்டும். பொதுத்துறையிலேயே இதைத் தயாரிப்பது இன்னும் நேரான வழி என்பது நமது அபிப்பிராயம்.

இந்த இடத்தில் நமது தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விலை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கக் கூடாது. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நூறு பெரியவர்களில் சுமார் மூவருக்குச் சிறு புடைப்பு இருக்கும். பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. 2003இல் வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், முன்பு இரத்தக் கசிவே ஏற்படாதவர்களுக்கு மூளையின் முன்பகுதிக் குழாய்களில் இருந்த 7 மில்லிமீட்டருக்குக் குறைந்த புடைப்புகள் ஐந்தாண்டுகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, பீடியை விடச் சொல்லி, அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதே பல நேரங்களில் சரியான வைத்தியம். ஆனால் வலை ஒன்று விற்றால் இவ்வளவு லாபம் என்றிருக்கும் இடத்தில், "உங்கள் தலைக்குள் வெடிகுண்டு இருக்கிறது" என்று பயமுறுத்துவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? லாபவேட்டை ஏழைக்கு வேண்டிய வைத்தியத்தை மறுக்கிறது. கையில் காசு இருப்பவனுக்கு வேண்டாத வைத்தியத்தைத் திணிக்கிறது. விலைக்கு வரம்பு கட்டினால் இரண்டாவது தொல்லையும் கொஞ்சம் குறையும். ஸ்டென்ட்டுக்கு மட்டும் வரம்பு கட்டிவிட்டு மற்றச் செலவுகளை அவிழ்த்துவிட்டால், ஒரு சட்டைப்பையில் எடுக்க முடியாததை மறு சட்டைப்பையில் எடுப்பார்கள். ஆகவே சிகிச்சை முழுவதற்கும் கட்டணம் நிர்ணயிக்க வேண்டும்.

சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வருவோம். 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மூளை ஆபரேஷன் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் இரத்தக் குழாய் வழியாக மூளைக்குப் போகும் வைத்தியத்துக்குத் தனி எக்ஸ்-ரே இயந்திரமும், அதற்கென்றே பயிற்சி பெற்ற டாக்டர்களும், நர்சுகளும், டெக்னீஷியன்களும் வேண்டும். அதுவும் இரவு பகல் எந்நேரமும் வேண்டும். புடைப்பு ஆபீஸ் நேரம் பார்த்து வெடிப்பதில்லை. இன்று இந்த வசதி பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து நோயைக் கண்டுபிடித்துவிடலாம். அதன் பிறகு ஆம்புலன்ஸில் எத்தனை மணி நேரம்? எங்கே இடம் இருக்கிறது என்று யார் யாரைக் கேட்பது? ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரியும் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியும் நேரடியாகப் பேசி, நோயாளி வந்து சேரும் முன்பே அறை தயாராக இருக்கும்படி ஓர் ஏற்பாடு வேண்டும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் தேவையில்லை. ஆளும் பணமும் ஒதுக்கினால் போதும்.

இன்னொரு விஷயத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஸ்டென்ட் வைத்த பிறகு கதை முடிந்துவிடுவதில்லை. அந்நிய உலோகத்தைக் கண்டால் இரத்தம் அதன் மேல் உறையப் பார்க்கும். ஆகவே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்துப் பல மாதங்களும், அதன் பிறகு ஆஸ்பிரினை நீண்ட காலமும் சாப்பிட வேண்டும். புடைப்பு ஏற்கெனவே வெடித்தவர்களுக்கு இந்த மாத்திரையே இரத்தக் கசிவை அதிகமாக்கலாம் என்பதால், அவர்களிடம் ஸ்டென்ட் வைக்க டாக்டர்கள் யோசித்துத்தான் முடிவு செய்கிறார்கள். வைத்துவிட்டாலோ மாத்திரை தவறக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபட்டுப் பக்கவாதம் வரலாம். பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போகிற குடும்பத்தில், மாதக் கடைசியில் முதலில் நிற்பது எது என்பது நமக்குத் தெரியாததா? லட்சங்கள் செலவழித்து வைத்த வலை, சில ரூபாய் மாத்திரை இல்லாமல் அடைபடுவதை என்னவென்று சொல்வது?

2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவரின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, இந்த இரண்டு மாத்திரைகளும் டாக்டர் சொன்ன காலம்வரை அவர் வீட்டுக்குத் தவறாமல் போய்ச்சேர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனால், அந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளவும் வழி செய்ய வேண்டும்.